சபையில் ரோபோவுக்கு எந்த நாற்காலி?

கேட்கப்பட்ட கேள்வி இது: "முகமும் கையும் வைத்த மனித உருவ ரோபோக்கள், மக்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடங்களில் தாமும் ஒருவராக உட்கார்ந்து விவாதிக்க முடியுமா? முடியும் என்றால் அனுமதிக்கலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருத்துச் சொல்லும் உறுப்பினராக அவற்றால் இன்றைக்கு ஒழுங்காகப் பங்கேற்க முடியாது. நாளைக்கே முடிந்தாலும் அந்த நாற்காலியைக் கொடுக்கக் கூடாது. ஆனால் கூட்டத்தில் வாயே திறக்காதவர்களைப் பேச வைக்கிற வேலை ஒன்று இருக்கிறதே, அதில் இயந்திரத்துக்கு இடம் உண்டு; சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைக்கு மனித உருவம் பெரிதாகத் தேவைப்படவில்லை.

இதுவரை நடந்தவற்றைப் பார்ப்போம். 2018 அக்டோபர் 16 அன்று பிரிட்டன் நாடாளுமன்றக் கீழவையின் கல்விக் குழு முன்பு பெப்பர் என்ற ரோபோ வந்து பேசியது. நான்காம் தொழிற்புரட்சிக்குக் கல்வி எப்படித் தயாராக வேண்டும் என்பது விசாரணையின் பொருள். மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தார் அழைத்து வந்த அந்த வெள்ளை பிளாஸ்டிக் உருவம், ரோபோக்களுக்கு முக்கியப் பங்கு இருக்கும், ஆனாலும் மனிதர்களுக்கே உரிய திறன்கள் எப்போதும் வேண்டியிருக்கும் என்ற பொருளில் பதில் சொன்னது. கேள்வி என்னவென்று முன்பே தெரியும்; பதிலும் முன்பே ஏற்றிவைக்கப்பட்டது. பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைக்கு வசனம் எழுதிக் கொடுத்து மேடையேற்றுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 11 அன்று, மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்றின் முன்பு ஐ-டா என்ற ஓவிய ரோபோ வந்தது. பெண் முகம், இயந்திரக் கைகள். தனக்கு உயிர் இல்லை, நிரல்களைச் சார்ந்துதான் இயங்குகிறேன், ஆனாலும் கலை படைக்க முடியும் என்றது. இங்கும் கேள்விகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. நடுவில் அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அணைத்து மறுபடி ஓட விட வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் அது விநோதமாக முகத்தைக் கோணும் என்று சொல்லி, அதை உருவாக்கிய ஐடன் மெல்லர் அதற்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். செய்தியில் ஓடியதெல்லாம் இந்தக் காட்சிதான்.

ஆனால் அன்றைய கூட்டத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது குழுத் தலைவர் டினா ஸ்டோவெல் சொன்னது. இந்த ரோபோ தகவல் தரலாம், ஆனால் தன்னளவில் அது ஒரு சாட்சி அல்ல, மனிதருக்குரிய தகுதி அதற்குக் கிடையாது, அது சொல்வதற்கெல்லாம் பொறுப்பு மெல்லர்தான் என்று அவர் தெளிவுபடுத்தினார். இந்தத் தலைப்பில் வந்த தத்துவக் கட்டுரைகள் பலவற்றைவிட இந்தச் சபைக் குறிப்பு எனக்கு உபயோகமாகத் தெரிகிறது.

அப்புறம் ஜெனீவா. 2023 ஜூலை 7 அன்று ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒன்பது மனித உருவ ரோபோக்களை உட்கார வைத்துப் பத்திரிகையாளர் கூட்டம் நடத்தியது. மெதுவாக, தெளிவாகக் கேளுங்கள், இணைய இணைப்பால் பதில் தாமதமாகலாம் என்று நிருபர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஹான்சன் ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் சோபியா என்ற ரோபோ, மனிதத் தலைவர்களைவிட நாங்கள் திறமையாக ஆள முடியும், முடிவெடுப்பதைக் குழப்பும் சார்பும் உணர்ச்சியும் எங்களுக்கு இல்லை என்றது. பக்கத்தில் இருந்த, அதை உருவாக்கிய டேவிட் ஹான்சன் மறுத்தார்: உன்னிடம் இருக்கும் தரவெல்லாம் மனிதர்களிடமிருந்து வந்ததுதானே, அவர்களுடைய சார்பும் அதில் இருக்குமே என்று. உடனே சோபியா, மனிதர்களும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து வேலை செய்வதே சிறப்பு என்று இறங்கி வந்தது.

மறுநாள் தலைப்புச் செய்தி ஆனது முதல் பதில். எனக்கு இரண்டாவது பதில்தான் சுவாரசியம். ஒரு விவாதத்தில் ஒருவர் மனம் மாறுவது பெரிய விஷயம். கூடிப் பேசுவதே அதற்காகத்தான். நேற்று ரோடு வேண்டாம் என்றவர் இன்று வேண்டும் என்றால், ஏன் மாறினாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அவர் காரணம் சொல்ல வேண்டும்; அடுத்த கூட்டத்தில் அது நினைவில் வைக்கப்படும்; சில நேரம் சொந்தக்காரர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். சோபியா மாறியதில் இவை எதுவுமே இல்லை. முந்தைய வாக்கியத்துக்குப் பொருந்துகிற அடுத்த வாக்கியம் வந்தது, அவ்வளவுதான். இழப்பதற்கு எதுவும் இல்லாதவரின் மன மாற்றத்தை வைத்துச் சபை என்ன செய்ய முடியும்?

சரி, அந்த நாடாளுமன்றக் குழுக்களில் ஏன் கேள்விகளை முன்பே வாங்கிக்கொண்டார்கள்? மோசடி என்று தள்ளிவிட வேண்டாம், தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி அளவுதான் என்று, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். ரோபோ அப்படிச் செய்வதில்லை. பொதுவாக, குரல் நிற்பதற்குக் காத்திருக்கும், நின்றது மூச்சு விடவா, முடித்துவிட்டாரா என்று கணிக்கும், ஒலியை எழுத்தாக்கும், பதில் எழுதித் தரும் மென்பொருளான மொழி மாதிரியிடம் அனுப்பும், வந்த பதிலைக் குரலாக்கும், அந்தக் குரலுக்கு உதட்டு மோட்டார்களை அசைக்கும். தனியாக ஒருவரோடு பேசும்போது இந்தத் தாமதத்தை மன்னித்துவிடலாம். பத்துப் பேர் இருக்கும் அறையில் அதற்குள் பேச்சு மூன்று பேரைத் தாண்டிப் போயிருக்கும். ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள், ஃபேன் சத்தம், பின்னால் குழந்தை அழுகை. யார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது பாதி நேரம் வார்த்தையில் இருக்காது, பார்வையில் இருக்கும். குழு உரையாடல் இன்றைக்கும் ரோபோ ஆய்வாளர்களுக்குத் தீராத தலைவலி. இது காலப்போக்கில் குறையும் என்றே நினைக்கிறேன். அதனால் "முடியாது" என்பதை மட்டும் நம்பி இந்த வாதத்தைக் கட்டக் கூடாது.

உண்மையான தடை "அனுமதிக்கலாமா" என்பதில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஐபிஎம்-மின் ப்ராஜெக்ட் டிபேட்டர் என்ற இயந்திரம், உலக அளவில் பெயர் பெற்ற விவாத வீரர் ஹரீஷ் நடராஜனோடு மேடையில் மோதியது. மழலையர் பள்ளிகளுக்கு அரசு மானியம் தர வேண்டுமா என்பது தலைப்பு. இயந்திரம் தர வேண்டும் என்ற பக்கம். முகமே கிடையாது, ஆளுயரக் கறுப்புப் பலகை, நடுவில் நீல ஒளி. விவாதத்துக்கு முன் அவையோரில் 79 சதவீதம் பேர் மானியத்துக்கு ஆதரவு, 13 சதவீதம் எதிர்ப்பு. முடிந்த பிறகு 62, 30. நடராஜன் ஜெயித்தார். ஆனால் யார் உங்களுக்கு அதிக விஷயம் தெரிய வைத்தார் என்று கேட்டபோது பெரும்பாலோர் இயந்திரத்தைக் காட்டினார்கள். விஷயம் தெரிய வைப்பதும் மனத்தைத் திருப்புவதும் வேறு வேறு என்று அன்று தோன்றியது.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2025இல் வந்த ஓர் ஆய்வில் 900 பேரை இணையத்தில் எழுத்து வழியாக, சிலரைச் சக மனிதரோடும் சிலரை ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியோடும் விவாதிக்க விட்டார்கள். எதிரில் இருப்பவரின் வயது, பாலினம், அரசியல் சார்பு போன்ற சில விவரங்களை அதற்குக் கொடுத்தபோது, சமமாக முடியாத விவாதங்களில் 64.4 சதவீதம் ஜிபிடி-4 மனிதர்களைவிட அதிகமாக மனத்தை மாற்றியது. இது வெறும் எழுத்து. இதோடு கண்ணைப் பார்த்துத் தலையசைக்கும் முகம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சபையில் உள்ள ஒவ்வொருவரையும் பற்றித் தெரிந்த, களைப்பே இல்லாத, எதற்கும் வெட்கப்படாத ஒரு பேச்சாளர். அந்தப் பேச்சாளரை அனுப்பியவர் யார் என்பது வெளியே தெரியாது.

பெரியவர்கள் ரோபோவுக்கு அவ்வளவு சீக்கிரம் வளைய மாட்டார்கள் என்றும் ஓர் ஆய்வு உண்டு. கோடுகளில் எது ஒரே நீளம் என்று கேட்கும் பழைய உளவியல் சோதனையை, கூட இருந்து தப்பாகப் பதில் சொல்லும் சிறிய நாவோ ரோபோக்களை வைத்து 2018இல் செய்து பார்த்தார்கள். பெரியவர்கள் அசரவில்லை. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் அசந்தார்கள்: அவர்கள் தவறிய பதில்களில் 74 சதவீதம் ரோபோக்கள் சொன்ன அதே தவறு. கோட்டின் நீளம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். வரி விகிதமோ நிலம் எடுப்போ அப்படியா? விடை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெரியவர்களும் எவ்வளவு உறுதியாக இருப்பார்கள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இனி நல்ல பக்கம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்பாட் என்று ஒன்று செய்தார்கள், 2019இல் வெளியானது. மேசை நடுவில் வைக்கும் மைக் மாதிரி ஒரு பொருள். கண் இல்லை, வாய் இல்லை, ஒரு வார்த்தை பேசாது. மூன்று பேர் கூடி ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது, அதிகம் பேசாமல் இருப்பவர் பக்கம் அது மெல்லத் திரும்பும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கே பேச்சு மூவருக்கும் இடையில் பரவியது. குழுவின் முடிவும் மேம்பட்டது. மைக் தன் பக்கம் திரும்பினால் எதையாவது சொல்லத் தோன்றும் இல்லையா, அந்த இயல்பைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் முகம் உள்ள ஃபர்ஹாட் ரோபோவை வைத்து, 2021இல் இதே திசையில் இன்னொன்று. ஸ்வீடிஷ் தாய்மொழியாக உள்ளவரும் அதைக் கற்றுக்கொண்டிருப்பவரும் சேர்ந்து வார்த்தை விளையாட்டு ஆடுகிறார்கள். சரளமாகப் பேசுபவர்தான் இயல்பாக ஆதிக்கம் செலுத்துவார். ரோபோ தன் பார்வையைக் குறைவாகப் பேசுபவர் பக்கம் கூடுதலாக வைத்தபோது இருவரின் பங்கும் நெருங்கி வந்தது. யேல் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டது இன்னும் அழகு. மூன்று மனிதர், ஒரு சிறு ரோபோ என்று 51 குழுக்கள், டேப்லெட்டில் ரயில் பாதை அமைக்கும் விளையாட்டு. சில குழுக்களில் ரோபோ, "மன்னிக்கணும், இந்தச் சுற்றில் தப்பு என்னுடையது, ரோபோவும் தப்புச் செய்யும்" என்கிற மாதிரி தன் குறையைச் சொல்லும். சிலவற்றில் பொதுவாக ஏதாவது சொல்லும், சிலவற்றில் பேசாமல் இருக்கும். குறையைச் சொன்ன ரோபோ இருந்த குழுக்களில் மனிதர்கள் ரோபோவோடு அல்ல, தங்களுக்குள்ளேயே அதிகம் பேசிக்கொண்டார்கள். பேச்சும் ஓரளவு சமமாகப் பங்கிடப்பட்டது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எதிலும் ரோபோ கருத்துச் சொல்லவில்லை. பேச்சு ஓடும் திசையை மட்டும் கொஞ்சம் தள்ளிவிட்டது. ஆனால் இவை எல்லாம் சின்னக் குழுக்கள், குறுகிய நேரம், யாருக்கும் பெரிதாக எதுவும் பணயத்தில் இல்லாத விளையாட்டுகள் என்பதையும் மறக்க வேண்டாம். தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டையில் மைக் திரும்பினால் என்ன ஆகும் என்று இவற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நிஜமான அரசியல் விஷயத்தில் இயந்திர நெறியாளரைப் பயன்படுத்திய நாடு தைவான். பிரபலங்களின் முகத்தைப் போலியாக வைத்து வரும் மோசடி விளம்பரங்கள் அங்கே பெருகின. 2024இல் அரசு 2 லட்சம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து நாட்டின் மக்கள் தொகையைப் பிரதிபலிக்கும்படி ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. மார்ச் மாதம் 447 பேர், பத்துப் பத்துப் பேராக இணைய அறைகளில் உட்கார்ந்து பேசினார்கள். அறையை நடத்தியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தானியங்கி மென்பொருள்: பேச வரிசை கொடுக்கும், நேரம் முடிந்தால் அடுத்தவருக்கு மாற்றும், பேசாமலே இருப்பவரைப் பேசச் சொல்லித் தூண்டும். விளம்பரம் தருபவரின் அடையாளம் உறுதிப்பட வேண்டும், தளங்களையும் பொறுப்பாக்க வேண்டும் என்ற திசையில் மக்கள் பேசினார்கள். அதே ஆண்டு ஜூலையில் மோசடித் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. இதில் உலோக முகம் எங்கே? எங்கேயும் இல்லை. திரையில் ஒரு வரிசைப் பட்டியலும் கடிகாரமும்தான்.

கூகுள் டீப்மைண்ட் செய்த இன்னொரு சோதனையும் சொல்லத் தகுந்தது. ஒரு குழுவில் ஒவ்வொருவரும் எழுதும் கருத்தைப் படித்து, எல்லோருக்கும் ஏற்கத்தக்க ஒரு பொது அறிக்கையை இயந்திரம் எழுதும். அவர்களின் விமர்சனத்தைப் பார்த்துத் திருத்தும். பிரிட்டனில் 5,700க்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள், 2024இல் வெளியானது. மனித நெறியாளர் எழுதியதைவிட இயந்திரம் எழுதியதை 56 சதவீதம் முறை விரும்பினார்கள். இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பொது அறிக்கை எழுதுகிறவர் கையில் கணிசமான அதிகாரம் இருக்கிறது. தீர்மானத்தில் எந்த வார்த்தை விடுபடுகிறது என்பதில்தான் பல ஊர்ச் சண்டைகளே தொடங்குகின்றன.

நம்மூர்க் கிராம சபையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் ஆய்வே இங்கே நடந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராம சபைக் கூட்டங்களின் பேச்சை எழுத்தாக்கி ராம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் கணினி வழியாக ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பெண்கள் பேசுவது ஆண்களைவிடக் குறைவு. அவர்கள் எழுப்பும் பேச்சு தொடர்வது குறைவு. அலுவலர்களிடமிருந்து அவர்களுக்குப் பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் பெண்களின் பேச்சுக்குச் செவி சாய்ப்பது கூடுகிறது.

இந்த மூன்று குறைகளையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பேசும் நேரத்தைச் சமமாக்க இயந்திரம் உதவலாம். மைக் யார் கையில் சுற்றுகிறது, யாரிடம் வரவே இல்லை என்பதை அது சலிக்காமல் கணக்கு வைக்கும். யார் எழுப்பிய பேச்சு பதில் இல்லாமல் விடுபட்டது என்று பட்டியல் போட்டு, கூட்டத்துக்கு அரசு அனுப்பும் பற்றாளரிடம் நீட்டவும் செய்யலாம். ஆனால் "மூணு மாசமா தண்ணி வரலை" என்று ஒரு அம்மா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அலுவலர். அந்த இடத்தில் இனிமையாகப் பேசும் ரோபோவை நிறுத்தினால், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது அம்மா" என்று பொறுமையாகச் சொல்லும். அந்த அம்மா திட்டுவதற்கும் ஆள் இருக்காது. பெண் தலைவர் வந்ததால் நிலைமை மாறியது என்றால் அது நேரப் பங்கீட்டால் மாறவில்லை, எதிரில் உட்கார்ந்தவர் மாறியதால் மாறியது.

தேர்தலில் நிற்கும் இயந்திரங்களைப் பற்றியும் கேட்பார்கள், சுருக்கமாக. 2018இல் டோக்கியோ பெருநகரப் பகுதியில் உள்ள தாமா நகர மேயர் தேர்தலில் ஒருவர் ரோபோ முகப் போஸ்டரோடு நின்று 4,013 வாக்கு வாங்கினார். 2024 பிரிட்டன் பொதுத் தேர்தலில் பிரைட்டன் பெவிலியன் தொகுதியில் ஏஐ ஸ்டீவ் என்ற பெயரில் நின்ற செயற்கை நுண்ணறிவு வாங்கியது 179. இரண்டிலும் வேட்பாளர் சட்டப்படி ஒரு மனிதர்தான். 2025 செப்டம்பரில் அல்பேனியாவில் டியெல்லா என்ற திரை உருவத்தை அரசுக் கொள்முதலுக்கு "அமைச்சர்" என்று அறிவித்தார்கள். அங்கும் ஜனாதிபதியின் ஆணை பொறுப்பைப் பிரதமர் எடி ராமா தலையில்தான் வைத்தது. ஸ்டோவெல் சொன்ன இடத்துக்கே எல்லோரும் வந்து நிற்கிறார்கள்.

எங்காவது ஒரு ஊராட்சியோ நகர்மன்றமோ சங்கமோ இதை முயன்று பார்க்க நினைத்தால், என் யோசனை இப்படி. முகம் இல்லாததில் தொடங்குங்கள். திரும்பும் மைக் போதும். அதற்கு வாக்கு வேண்டாம், பொருள் மேல் கருத்தும் வேண்டாம். அதை இயக்குபவர் யார், மென்பொருள் யாருடையது, காசு கொடுத்தது யார் என்று கூட்டத் தொடக்கத்தில் வாய்விட்டு வாசியுங்கள். குரல் பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதைத் தீர்மானமாகவே போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சபையில் பேசியது எங்கோ ஒரு சர்வரில் கிடந்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் "இதை நிறுத்துங்க" என்றால் அதை உடனே வாக்குக்கு விட வேண்டும். ஐந்தாறு கூட்டங்கள் அதோடு, ஐந்தாறு அது இல்லாமல் நடத்தி, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள், எத்தனை கேள்விக்கு அலுவலர் பதில் சொன்னார் என்று ஒப்பிடுங்கள். நிமிடங்கள் கூடி, பதில்கள் கூடவில்லை என்றால் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலுவலரைக் கவனியுங்கள்.